பெரணிச் செடி வளர்ப்போர் கவனத்திற்கு

பெரணிச் செடிகளைப் பற்றி ஒரு விவசாயப் பத்திரிகையில் எழுதுவானேன், அவை நெல்லா கரும்பா என்று வாசகர்களில் சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும், சில வருஷங்களாகக் கிராமங்களில் புதிதாகக் கட்டப்படும் வீடுகளின் தாழ்வாரங்களில் இச்செடிகளைத் தொங்கவிடும் வழக்கம் பரவி வருகிறது. ஏற்காட்டுக்கும் கொல்லிமலைக்கும் உதகைக்கும் போய்வரும் குடும்பத்தார் திரும்பும்பொழுது இரண்டொரு பெரணிகளை வேரோடு பெயர்த்துச் சாக்கில் சுற்றி வண்டியில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். அவற்றுள் பெரும்பாலானவை அடுத்த சித்திரையைக் காண்பதில்லை. மறு வருஷம் மறுபடியும் பெயர்த்து வருகிறார்கள். வீட்டில் பெரணி வளர்ப்பது நல்ல காரியம் என்பதே என் அபிப்பிராயம். ஆனால் மலையிலிருந்து பெயர்த்து வருவது நல்லதன்று என்பதும், அதற்கு அவசியமே இல்லை என்பதும் இதனை எழுதுவதன் நோக்கம்.

முதலில் பெரணி என்பது நமக்கு அந்நியமான பொருள் அன்று என்பதைச் சொல்லிவிடுகிறேன். வயல் வரப்பிலும் தேங்கிய நீரிலும் நான்கு இலைகளைக் குடைபோல் விரித்து நிற்கும் ஆரைக்கீரை ஒரு பெரணி. மாட்டுத் தீவனத்திற்கும் நெல் வயலில் தழைச்சத்துக்கும் நாம் வளர்க்கும் அசோலா ஒரு பெரணி. பழைய சுண்ணாம்புக் காரைக் கிணறுகளின் உட்சுவரில், இறைக்கிற நீர் தெறிக்கும் இடமெல்லாம் மெல்லிய கருங்காம்புடன் தொங்குகிற செடியும் பெரணியே. இவை பூப்பதில்லை, காய்ப்பதில்லை, விதையும் இல்லை. இலையின் அடிப்புறத்தில் பழுப்பு நிறத்தில் உண்டாகும் தூளே பெரும்பாலான பெரணிகளுக்கு வித்து. ஈரமும் நிழலும் உள்ள இடம் கிடைத்தால் அத்தூள் முளைக்கும், இல்லையேல் இல்லை. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் பெரணி வளர்ப்பில் பாதி விளங்கிவிடும்.

இனி, மலைப் பெரணிக்கு நேர்ந்துவரும் கதியைப் பற்றி ஒரு வார்த்தை. கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் சாலையோரக் கடைகளில் முடவாட்டுக்கால் என்று ஒரு கிழங்கை விற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆட்டின் கால்போல் பழுப்பு ரோமம் மூடிய அந்தப் பொருள் உண்மையில் கிழங்கு அன்று. பாறைகளின்மேலும் மரக்கிளைகளிலும் படர்கின்ற ஒருவகைப் பெரணியின் தண்டு அது. இதற்கு இருவகை இலைகள் உண்டு. தண்டை ஒட்டிப் பழுப்பாய், சருகுபோல் இருக்கும் சிற்றிலைகள் உதிர்ந்த தழையையும் தூசியையும் தாங்கிப் பிடித்து எருவாக்கிக்கொள்ளும். பச்சையாய் நீண்டு வளரும் பேரிலைகள் உணவு தயாரிக்கும். மண்ணே இல்லாத பாறையில் தன் எருக்குழியைத் தானே கட்டிக்கொள்ளும் இச்செடியின் சாமர்த்தியத்தை நம் குடியானவர்கள் அவசியம் பாராட்டுவார்கள். மூட்டு வலிக்கு நல்லது என்று இதனைச் சூப்பு வைத்துக் குடிக்கிறார்கள். அதன் மருத்துவ குணத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. சொல்லக்கூடியது இதுவே: ஒருமுறை முழுத் தண்டையும் பாறையிலிருந்து உரித்தெடுத்துவிட்டால் அவ்விடத்தில் மறுபடி அது உண்டாவதற்குப் பல வருஷங்கள் செல்லும். நுனி மொட்டுள்ள துண்டு ஒன்றை அங்கேயே விட்டுவந்தால் அது தொடர்ந்து படரும். விற்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மலைவாழ் பழங்குடியினருக்குச் சிறு வனப்பொருள்களைச் சேகரிக்கும் உரிமையை அளித்திருக்கிறது. அவர்கள் ஜீவனமும் அதில் அடங்கியிருக்கிறது. ஆனால் வண்டி வண்டியாய் வந்து வாங்குகிறவர்கள் கீழ்நாட்டார் ஆகிய நாம்தாம். வாங்குகிறவன் குறைத்துக்கொள்ளாமல் எடுக்கிறவனை மட்டும் கண்டிப்பதில் பிரயோஜனம் இல்லை.

அலங்காரத்திற்காகப் பெரணியைப் பெயர்ப்பதால் என்ன வந்துவிடும் என்று எண்ணுகிறவர்களுக்கு இங்கிலாந்து தேசத்தில் நடந்ததைச் சொல்லலாம். இலண்டன் நகரத்து வைத்தியர் நதானியேல் வார்டு என்பவர் தம் தோட்டத்தில் பெரணிகளை வைத்துப் பார்த்தார். நிலக்கரிப் புகையில் அவை பிழைக்கவில்லை. 1829ஆம் ஆண்டையொட்டி, ஒரு கூட்டுப்புழுவை ஈரமண்ணுடன் கண்ணாடிப் புட்டியில் இட்டு மூடிவைத்திருந்தபோது, அதில் ஒரு பெரணியும் ஒரு புல்லும் தாமாகவே முளைத்துச் செழித்தன. புட்டிக்குள் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்து மறுபடி மண்ணிலேயே இறங்கியதால் நீர் ஊற்றவேண்டிய அவசியம் இல்லாமற் போயிற்று. இதைக்கொண்டு அவர் கண்ணாடிப் பெட்டிகள் செய்து 1833இல் செடிகளை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலில் அனுப்ப, அவை உயிருடன் போய்ச் சேர்ந்தன. பிற்பாடு 1860ஆம் ஆண்டை ஒட்டித் தென் அமெரிக்காவிலிருந்து நம் நீலகிரிக்குச் சிங்கோனா வந்ததும் இப்பெட்டிகளின் உதவியாலேயே. மலைக் காய்ச்சலுக்குக் கொயினா தந்த மரம் இந்நாட்டுக்கு வருவதற்கு ஒரு பெரணிச் செடி வழி காட்டியது என்று சொன்னால் மிகையாகாது.

ஆனால் அதே கண்ணாடிப் பெட்டி இங்கிலாந்தில் ஒரு பைத்தியத்தையும் கிளப்பிவிட்டது. வீடுதோறும் பெரணி வேண்டுமென்றாயிற்று. 1855இல் சார்லஸ் கிங்ஸ்லி என்ற ஆசிரியர் அதற்குப் பெரணிப் பித்து என்று பொருள்படும் பெயரே இட்டார். வியாபாரிகள் கூடை கூடையாய்க் காட்டிலிருந்து பெயர்த்து விற்றனர். அயர்லாந்தின் கில்லார்னிப் பகுதியின் பெயரால் வழங்கும் மெல்லிலைப் பெரணி பல இடங்களில் அடியோடு அற்றுப்போகும் நிலைக்கு வந்தது. பித்துத் தணிந்தபின்னும் போன செடிகள் திரும்பி வரவில்லை. நம் மலைகளிலும் அவ்வாறு நேரவேண்டுமா? சென்னை மாகாண வனத்துறையில் இருந்த பெடோம் என்ற அதிகாரி தென்னிந்தியப் பெரணிகளைப் படங்களுடன் 1863 முதல் வெளியிட்டார். நம் காலத்தில் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியைச் சேர்ந்த மாணிக்கமும் இருதயராஜும் மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரணிகளை 1992இல் நூலாக்கினர். அந்நூல்களில் கண்ட செடிகள் மலையில் இருக்கவேண்டும் என்பதே நம் விருப்பம். மரம்போல் வளரும் பெரணிகளை வெட்டி, ஆர்க்கிட் செடிகள் கட்டுவதற்கு அதன் நாரை விற்பது உலகெங்கும் நடந்ததால், 1975இல் அமலுக்கு வந்த பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் அவ்வகைகள் கொண்டுவரப்பட்டிருக்கின்றன. காப்புக் காட்டிலிருந்து அனுமதியின்றி எச்செடியையும் எடுப்பது 1882ஆம் ஆண்டின் வனச் சட்டப்படி குற்றம் என்பதையும் கிராம அதிகாரிகள் தம் ஊராருக்கு எடுத்துச் சொல்வது நலம். பலருக்கு அது தெரியாது.

சரி, பெரணியை வீட்டில் வளர்ப்பது எப்படி?

நம் நிலச்சுவான்தார்கள் இதில் தவறுவதற்குக் காரணம் அசிரத்தை அன்று, அளவுகடந்த சிரத்தையே. பயிர் செய்து பழகிய கை பெரணிக்கும் பயிருக்குச் செய்வதையே செய்கிறது. வெயிலில் வைக்கிறது, யூரியா போடுகிறது, மடை திறந்தாற்போல் நீர் விடுகிறது. பெரணியோ காட்டு மரத்தின் கீழ், சருகு மக்கிய இரண்டங்குல மண்ணில், மேலே கிளைகள் வடிகட்டிய வெளிச்சத்தில் பிறந்தது. அதற்கு வேண்டியவை மிகச் சில: வெயில் நேரே படாத வெளிச்சம், காற்றில் ஈரம், வேரில் ஈரமும் காற்றும் சேர்ந்து இருப்பது.

இம்மூன்றில் நம் சமவெளியில் அரியது காற்றின் ஈரம். பங்குனி முதல் ஆனி வரை பகற்பொழுதில் வீசும் வறண்ட காற்று இலை நுனிகளைக் கருக்கிவிடும். தொட்டியில் எவ்வளவு நீர் விட்டாலும் இது நில்லாது. ஏனெனில் வேர் கொடுப்பதைவிட இலை இழப்பது அதிகம். இதைக் கண்டு பயந்து மேலும் மேலும் நீர் விட்டு வேரை அழுகவைப்பதே வழக்கமாக நடக்கும் தவறு. கையால் நீர் தெளிப்பதும் அரைமணி நேரத்துக்கே உதவும். இதற்குச் சரியான யுக்தி இடத்தைத் தெரிந்தெடுப்பதுதான். முற்றம் உள்ள பழைய வீட்டில் முற்றத்தின் வடபுறத் தாழ்வாரம், துவைக்கும் கல்லுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் அருகிலுள்ள நிழல், கிணற்றடி ஆகிய இவை போன்ற ஸ்தலங்கள் பெரணிக்கென்றே அமைந்தவை. தெற்கு, மேற்குச் சன்னல்களும், மின்விசிறிக்கு நேர் கீழும், குளிர்சாதனம் உள்ள அறைகளும் உதவா. தொட்டிகளைத் தனித்தனியே வைக்காமல் நெருக்கமாக வைத்தால் ஒன்றின் ஈரம் மற்றொன்றுக்கு உதவும். மண் தொட்டியை அதைவிடப் பெரிய தொட்டிக்குள் இறக்கி, இடைவெளியில் மணலை நிரப்பி, மணலை எப்போதும் ஈரமாக வைப்பது கோடைக்கு மிகவும் ஏற்றது. இதற்குச் செலவு ஏதும் இல்லை.

நீரைப் பற்றி இன்னொன்று. ஆழ்துளைக் கிணற்று நீர் பல ஊர்களில் உவர்ப்பும் கடினமும் உள்ளது. தொட்டியின் வெளிப்புறம் வெள்ளையாய்ப் பூத்திருப்பின் அது உப்பே. பெரணியின் மெல்லிய வேர்கள் இதைத் தாங்குவது கடினம். மழைநீரைப் பிடித்து ஒரு தொட்டியில் வைத்துக்கொண்டால் பத்துப் பன்னிரண்டு செடிகளுக்குக் கோடையைக் கடத்திவிடலாம். முடியாதவர்கள் மாதம் ஒருமுறையாவது நல்ல நீரைத் தாராளமாக விட்டு, அடித் துவாரத்தின் வழியே உப்பு வடியச் செய்யவேண்டும். கிணற்றுச் சுவரில் சுண்ணாம்பை நாடி வளரும் மெல்லிலைப் பெரணிகள் சில இதற்கு விலக்கு. அவை கடின நீரையும் பொறுக்கும்.

மண் கலவைக்கு நன்றாய் மக்கிய இலைத்தழை இரண்டு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, உடைத்த செங்கல்லும் கரித்துண்டும் சேர்ந்து ஒரு பங்கு போதும். நார்க்கழிவில் உப்பு இருக்கும் ஆதலால் இரண்டு மூன்று தரம் நன்னீரில் ஊறவைத்துப் பிழிந்தே சேர்க்கவேண்டும். பச்சைச் சாணமும் இரசாயன உரமும் வேண்டாம். மழைக்காலத்தில் புது இலை சுருண்டு எழும்போது மாதம் ஒருமுறை மண்புழு உரத்தை ஊறவைத்து வடித்த நீரை, வெளுத்த தேநீர் நிறத்திற்கு நீர்த்து விட்டால் அதுவே விருந்து.

எந்த வகையைத் தெரிந்தெடுப்பது? முதன்முதலில் வளர்ப்பவர்கள் வாள்போன்ற இலையுடைய நெப்ரோலெபிஸ் வகையைத் தவிர வேறொன்றும் வாங்கவேண்டாம். இதன் ஓர் இனம் வேரிலே சிறு உருண்டைக் கிழங்குகளில் நீரைச் சேமித்து வைக்கும். ஒருநாள் மறந்தாலும் சாகாது. பாஸ்டன் பெரணி என்று விற்கப்படுவது இதன் உறவினம். 1894இல் பிலடெல்பியா நகரத்திலிருந்து பாஸ்டனுக்கு அனுப்பிய செடிகளின் நடுவே வேறுபட்டு வளைந்து தொங்கிய ஒன்றிலிருந்து பெருகியது அது. அடுத்தபடி, பறவைக்கூட்டுப் பெரணி. அகலமான இலைகள் வட்டமாய் நின்று நடுவில் கூடுபோல் இருக்கும். காட்டில் அக்கூட்டில் சருகு விழுந்து எருவாகும். தொட்டியிலோ நடுக்கூட்டில் நீர் தேங்கினால் குருத்து அழுகும். ஆதலால் ஓரமாக நீர் விடுக. கருங்காம்புடைய மெல்லிலைப் பெரணி அழகில் யாவற்றிற்கும் மேலானது, தொந்தரவிலும் அப்படியே. ஒருநாள் வேர் காய்ந்தால் இலை முழுதும் கருகும். அப்போது தொட்டியை எறிந்துவிடாமல் காய்ந்ததை அடியோடு கத்தரித்து ஈரமாக வைத்திருந்தால் பெரும்பாலும் மறுபடி துளிர்க்கும். முடவாட்டுக்காலையும் வீட்டில் வளர்க்கலாம். தண்டை மண்ணில் புதைக்காமல், நுனி மொட்டுள்ள நாலங்குலத் துண்டை ஒரு மரப்பலகையில் தென்னை மட்டை நார் வைத்துக் கட்டி நிழலில் தொங்கவிட்டால் படரும். கோடையில் அதன் பச்சை இலைகள் உதிர்ந்துவிடுவது இயல்பு. இதை அறியாமல் செத்துவிட்டது என்று குப்பையில் போடுகிறவர்கள் அநேகர். கடையில் சூப்புக்கு வாங்கும் தண்டிலேயே ஒரு துண்டை இப்படிக் கட்டிவைத்தால், சில வருஷங்களில் அந்த வீட்டாருக்கு மலைக்குப் போகவேண்டிய அவசியம் குறையும்.

பூச்சி நோய் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. இலையின் அடியில் பழுப்புப் புள்ளிகளைக் கண்டதும் செதில்பூச்சி என்றும் துரு நோய் என்றும் முடிவு செய்து, பருத்திக்கு அடித்து மிஞ்சிய மருந்தைத் தெளித்துவிடுகிறார்கள். வரிசை தவறாமல், நரம்பின் இருமருங்கும் ஒரே அளவில் புள்ளிகள் இருந்தால் அது வித்துப்பை. செடி ஆரோக்கியமாக இருப்பதற்கு அடையாளம். ஒழுங்கின்றிக் காம்பிலும் இலையிலும் சிதறி, நகத்தால் சுரண்டினால் பிசுபிசுப்புடன் வருவதே செதில்பூச்சி. அதற்கும் ஈரத்துணியால் துடைப்பதே போதும். பெரணியின் இலை மருந்தைத் தாங்காது.

பெருக்கும் முறைக்கு வருவோம். இக்கட்டுரையின் முக்கிய பாகம் இதுவே. நெப்ரோலெபிஸ் வகைகள் நூல்போன்ற ஓடுதண்டுகளை விட்டு அவற்றின் நுனியில் கன்று ஈனும். அருகில் ஒரு சிறு தொட்டியில் கலவையை நிரப்பி அத்தண்டை அதன்மேல் பதித்துவைத்தால், வேர் பிடித்தபின் வெட்டிப் பிரிக்கலாம். ஆடியிலிருந்து கார்த்திகை வரை இதற்கு ஏற்ற காலம். நன்கு வளர்ந்த ஒரு தொட்டி வருஷத்திற்கு ஐந்தாறு கன்றுகளேனும் தரும். பறவைக்கூட்டுப் பெரணிக்குக் கன்று கிடையாது. அதைத் தூளிலிருந்தே எழுப்பவேண்டும். பெரணியின் தூள் முளைக்கும் என்பதை ஜமைக்காத் தீவில் இருந்த ஜான் லிண்ட்சே என்ற வைத்தியர் முளைக்கவைத்துப் பார்த்து 1794இல் எழுதி வெளியிட்டார். அதுமுதல் இது யாரும் செய்யக்கூடிய காரியமாயிற்று. புள்ளிகள் பழுத்துப் பழுப்பானதும் இலைத்துண்டைக் காகிதத்தில் மடித்து இரண்டு மூன்று நாள் வைத்தால் மாவுபோல் தூள் உதிரும். நன்றாய் ஊறிய ஒரு செங்கல்லின்மேல் கொதிநீரை ஊற்றி ஆறவைத்து, ஓரங்குல நீருள்ள தட்டில் நிறுத்தி, தூளை மிக மெல்லியதாகத் தூவி, கண்ணாடிப் பாத்திரத்தால் மூடி நிழலில் வைக்கவேண்டும். மூன்று முதல் ஆறு வாரத்தில் பச்சைப் படலம் தோன்றும். உற்றுப் பார்த்தால் அது அரசிலை வடிவத்துச் சிறு தகடுகளாக இருக்கும். இத்தகடுகளில்தான் பெரணியின் ஆணும் பெண்ணும் சேர்கின்றன; அவை சேர்வதற்கு ஒரு நீர்த்திவலை வேண்டும். ஆகையால் இப்பருவத்தில் காய்ந்துபோக விட்டால் எல்லாம் வீண். நாலைந்து மாதத்தில் முதல் இலைகள் எழும். அப்புறம் பிரித்து நடலாம். இதற்கு வேண்டிய மூலதனம் ஒரு செங்கல். பாஸ்டன் பெரணிக்கு மாத்திரம் இம்முறை பெரும்பாலும் பலிப்பதில்லை. அதைக் கன்றினாலேயே பெருக்கவேண்டும்.

வாங்குகிறவர்கள் காட்டுச் செடியையும் வளர்ப்புச் செடியையும் பிரித்தறிவது கடினமன்று. வளர்த்த செடிகள் ஒரே அளவாய், நார்க்கழிவு நிரம்பிய பைகளில், பழுதில்லாத இலைகளுடன் இருக்கும். பெயர்த்தவை ஒன்று பெரிது ஒன்று சிறிதாய், வேரில் பாசியும் மரப்பட்டையும் ஒட்டி, பழைய இலைகள் கிழிந்து இருக்கும். பின்னதை யாரும் வாங்கவேண்டாம்.

கிராம அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள். பொங்கல் விழா, கண்காட்சி, மேலதிகாரிகளின் வருகை ஆகிய சமயங்களில் மேடை அலங்காரத்திற்காக மலையிலிருந்து பெரணிகளைக் கட்டுக்கட்டாய் வரவழைத்து, விழா முடிந்ததும் வெயிலில் கிடக்க விடுவது சில ஊர்களில் நடக்கிறது. ஊராட்சி அலுவலகத்தின் குழாயடியில், சிந்தும் நீர் வீணாகும் நிழலில், பத்தடி நீளத்திற்கு நெப்ரோலெபிஸ் வைத்தால் இரண்டு வருஷத்தில் அவ்வூர் விழாக்களுக்கு வேண்டிய இலை அங்கேயே அறுக்கலாம். அறுத்தால் மறுபடி வளரும். பழுதுபார்க்கும் பொதுக் கிணறுகளில் சுவர்ப் பெரணிகளைச் சுரண்டி எறிவதற்கு முன், இடுக்கில் வேர்விட்டுக் கல்லைப் பிளக்கும் ஆலங்கன்றையும் அரசங்கன்றையும் அகற்றுவது முக்கியம். சுவருக்கு நிஜமான ஆபத்து அவற்றாலேயே. சுண்ணாம்புச் சுவர்களில் காணும் பெரணிகளுள் ஒன்று மண்ணிலுள்ள ஆர்சனிக் என்ற நஞ்சை உறிஞ்சித் தன் இலையில் சேர்ப்பதாக 2001இல் புளோரிடாவில் கண்டறிந்தார்கள் என்பது ஒரு விநோதம். ஆதலால் சுவர்ப் பெரணியை மாட்டுக்குப் போடவேண்டாம். மலைச் சரிவுகளில் கூட்டமாய் முளைக்கும் பிராக்கன் என்ற பெரிய பெரணியைத் தின்றுவரும் மாடுகள் இரத்தமாய் நீர் விடும் நோய்க்கு ஆளாகின்றன. அதை வீட்டுக்கும் கொண்டுவரலாகாது.

பெரணி வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்யும் என்று விற்பனைக்காரர்கள் சொல்வதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். மூடிய சிறு அறையில் செய்த சோதனைகளை வீட்டுக்கு ஒட்டிப் பார்த்தபோது, சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் தொட்டிகள் வரை வைத்தால்தான் சாதாரணக் காற்றோட்டத்துக்குச் சமமாகும் என்று 2019இல் கணக்கிட்டு வெளியிட்டிருக்கிறார்கள். சன்னலைத் திறந்துவைப்பது மலிவு. பெரணியைக் கண்ணுக்கு இனிமைக்காக வளர்த்தால் போதும். அது சிறிய காரணம் அன்று.

இதில் வருமானம் உண்டா என்று கேட்பவர்களுக்கு அளந்தே பதில் சொல்லவேண்டும். நெல்லை விட்டுப் பெரணிக்கு வருவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஆனால் அகத்தி நிழலும் ஓயாத ஈரமும் உள்ள வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர்கள், பரமத்தி வேலூர்ப் பக்கத்தார் போன்றவர்கள், வாய்க்கால் ஓரத்தில் நூறு தொட்டிகளை வைத்துப் பார்க்கலாம். நிழலுக்கும் நீருக்கும் தனிச் செலவில்லை. மருந்து தெளிக்கும் நாளில் மட்டும் தொட்டிகளை அப்புறப்படுத்தவேண்டும். கல்யாண மண்டப அலங்காரக்காரர்கள் இலையாகவும், நகரத்துச் செடிக்கடைக்காரர்கள் தொட்டியாகவும் வாங்குகிறார்கள். முதலில் அவர்களிடம் விலை பேசிவிட்டுப் பிறகு தொட்டி வாங்குக.

என் பொறுப்பிலுள்ள விளக்கப் பண்ணையில் இருபது தொட்டி நெப்ரோலெபிஸ் நிற்கின்றன. ஆவணியில் கன்று பிரிப்போம். வேண்டியவர்கள் ஆளுக்கு ஒரு மண் தொட்டியும், கழுவிய நார்க்கழிவு ஒரு கூடையும் கொண்டு வந்தால் கன்றுகள் இலவசமாய்த் தரப்படும்.